கம்பம் வளரவில்லை

அந்தப் பேச்சு மொட்டைமாடியில் நடந்தது. விமானத்திடல் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்பில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை ஈரப் படுக்கைவிரிப்பை உதறிக் கயிற்றில் போட்டபடியே என்ன விஷயம் என்று கேட்டாள். அவர் ஒரு தாளை நீட்டினார். அத்தை தன் ஈரக்கையைக் காட்டி, பக்கத்தில் நின்ற மருமகளிடம், தன் தம்பி மகளிடம், கொடுக்கச் சொன்னாள். தாள் அலுவலக மொழியில் இருந்தது. அத்தைக்கு அந்த மொழி தெரியாது. மருமகள் இரண்டு மொழியிலும் படித்தவள்.

மருமகள் படித்துவிட்டு, இதை எப்படிச் சொல்வதென்று தயங்கினாள். அதிகாரியே முந்திக்கொண்டார். கயிறு கட்டியிருக்கும் இந்த இரண்டு இரும்புக் கம்பங்களும் விமானங்களுக்கு இடைஞ்சலாக நிற்கின்றன, முப்பது நாளுக்குள் கழற்றிவிட வேண்டும் என்றார்.

அத்தை கடைசி கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"இந்தக் கம்பம் நட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சுங்க. அன்னைக்கு என்ன உயரமோ அதேதான் இன்னைக்கும்."

"இருக்கலாம்மா. இப்ப இடைஞ்சல்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"கம்பம் வளரலீங்க. விமானம்தான் இறங்கிடுச்சு."

அவர் சிரித்தார். அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு எல்லாமே தலையை உரசிக்கொண்டு போவதுபோலத்தான் இருக்கும் என்றார். உயரத்தில் போகும் பெரிய விமானத்தை, சின்ன விமானம் தாழப் போகிறதென்று காட்டிக் கண் ஏமாற்றிவிடும் என்றார். எந்த விமானம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் பேச்சுக்குச் சொன்னதை அத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அத்தையும் மாமாவும் அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் லாண்டரி நடத்தினார்கள். கீழே இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது மாமாவின் வேலை. மேலே வெயிலும் காற்றும் அத்தையின் பொறுப்பு. ஒரு கண் மருத்துவமனையின் விரிப்புகளும் இரண்டு விடுதிகளின் விரிப்புகளும்தான் பிழைப்பு. அந்த நீள விரிப்புகள் தரையில் புரளாமல் காய வேண்டுமானால் கம்பம் அத்தனை உயரம் இருந்தே ஆக வேண்டும். கம்பம் போனால் லாண்டரியும் போயிற்று. ஆபீஸ்காரர்களோடு மோதி யார் ஜெயித்தார்கள் என்று மாமா இரண்டு நாள் புலம்பித் தீர்த்தார்.

"நான் எங்க மோதறேன்? மோதற உயரத்துல வர்றது அவங்கதானே" என்றாள் அத்தை.

விமானங்களை அவளுக்கு வெகுநாளாகத் தெரியும். பதினெட்டு வருஷம் மாடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாமல் இருக்குமா? இறக்கை வயிற்றுக்குக் கீழே ஒட்டியிருந்தால் ஆள் ஏற்றும் விமானம். அது காற்று மாறும் நாளில் மட்டும், கம்பீரமாக, எட்டாத உயரத்தில் போகும். வயிறு பருத்துத் தொங்கினால் சரக்கு. இறக்கை தலைக்குமேல் குடைபோல இருந்து, மூன்று சக்கரமும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானம். அதிலும் சிவப்பு மூக்கு வைத்த ஒன்றுதான் வம்பு பிடித்தது. கால்வாயைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டிய அந்த விமானம், சோம்பல்பட்டு இவர்கள் தெருவின் மேலேயே தாழ்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.

லாண்டரியில் விரிப்பின் மூலையில் அழியா மையால் குறி போடுவார்கள். கண் மருத்துவமனைக்கு மூன்று புள்ளி, ஒரு விடுதிக்குச் சிலுவை, மற்றதற்குச் சிலுவையும் புள்ளியும். குவியலில் ஓரம் தெரிந்தால் போதும், அத்தை எது யாருடையது என்று சொல்லிவிடுவாள். விமானத்திலும் அவள் கண் முதலில் போனது இறக்கையின் அடி ஓரத்துக்கு. அங்கே நான்கு எழுத்துகள் இருந்தன. அவளுக்கு அவை எழுத்துகள் அல்ல, குறிகள். ஓர் ஏணி, ஒரு கொக்கி, பாதி கடித்த வளையம், தலைகீழான கூடாரம். தலைக்கு மேல் அது போகும்போதெல்லாம் கையிலிருக்கும் துணிக்கணக்கு நோட்டில், அன்றைய விரிப்புக் கணக்குக்குப் பக்கத்திலேயே, நான்கு குறியையும் மணியையும் போட்டுவைத்தாள்.

தெருவில் விஷயம் பரவியது. எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர், அவள் மாடிச் சுவரோரம் தலை நீட்டும்போதெல்லாம் குரல் கொடுப்பார்.

"என்ன கண்ட்ரோல் டவர், இன்னைக்கு யாரெல்லாம் இறங்கலாம்?"

"முதல்ல உன் வாயை இறக்கு. ரன்வே காலியாத்தான் இருக்கு."

மூன்று வாரத்தில் பத்துத் தடவை சேர்ந்தது. மருமகள் நோட்டைப் பார்த்துத் தேதிகளை எடுத்து அலுவலக மொழியில் மனு எழுதினாள். இரண்டு மொழி தெரிந்தும் இரண்டிலும் அதிகம் பேசாதவள் அவள். அத்தை சொன்னதெல்லாம் அந்தத் தாளில் சண்டைக்கு நிற்பதுபோல அவளுக்குப் பட்டது. அதனால் அங்கங்கே கொஞ்சம் பதமாக்கினாள். மனுவோடு இருவரும் அலுவலகம் போனார்கள்.

அதிகாரி பயிற்சிப் பள்ளியின் பறப்புப் பதிவேட்டை வரவழைத்து, தேதி தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். பத்து நாளில் ஏழு நாள் அந்த விமானம் கொட்டகையை விட்டே வெளியே வரவில்லை. அதில் இரண்டு நாள் பள்ளிக்கே வார விடுமுறை.

"நான் பாத்தேங்க" என்றாள் அத்தை.

அவர் கோபப்படவில்லை. மனுவைத் திருப்பி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்த மாதிரி தோணுதுன்னுதானேம்மா நீங்களே எழுதியிருக்கீங்க?"

அத்தை திரும்பி மருமகளைப் பார்த்தாள். மருமகள் மேசையைப் பார்த்தாள். இருவரும் வீடு திரும்பினார்கள். சைக்கிள் கடைக்காரர்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதுதான் அத்தைக்கு அதிகமாக உறைத்தது. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. கம்பத்தைக் கழற்ற ஆள் பார்க்கட்டுமா என்று மாமா மெதுவாகக் கேட்டார். அத்தை மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மூட்டையைப் பிரித்தாள். விரிப்புகளை எண்ணி நோட்டில் எழுதினாள். அவளுக்கு உதவியாக உட்கார்ந்திருந்த மருமகளின் கண் அந்தப் பக்கத்தில் நின்றது.

"அத்தை, இன்னைக்குத் திங்கள்தானே?"

"ஆமா."

"புதன்கிழமைப் பக்கத்துல எழுதறீங்க."

"புதன்கிழமைதானேடி திருப்பிக் கொடுக்கணும்?"

சொல்லி முடித்ததும் பென்சில் நின்றது.

லாண்டரியில் துணி வந்த நாளை யாரும் கேட்பதில்லை. கொடுக்கிற நாள் தவறினால்தான் சண்டை. அதனால் வந்த துணியை எப்போதும் இரண்டு நாள் தள்ளித்தான் எழுதுவார்கள். விமானமும் அதே கைப்பழக்கத்தில், துவைத்துத் திருப்பித் தர வேண்டிய பொருளைப்போல, இரண்டு நாள் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்து, விரிப்புக் குவியலில் சாய்ந்து சிரித்தாள்.

இரண்டாவது கடிதத்தோடு இருவரும் மறுபடி அலுவலகம் போனார்கள். கூடவே நோட்டும், துணி வந்த நாளைக் காட்ட மருத்துவமனை கையெழுத்துப் போட்டுத் தேதியிட்ட சீட்டுகளும் போயின. அதிகாரி ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நாள் முந்திய பதிவைப் பதிவேட்டில் புரட்டிப் பார்த்தார். பத்துக்குப் பத்து பொருந்தியது, மணி உட்பட. நோட்டிலிருந்த ஏணியையும் கொக்கியையும் நெடுநேரம் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்தை ஒருவர் வரைந்திருக்கிறார், அதுவும் சரியாக. ஆனாலும் உயரத்துக்கு இதில் சாட்சி இல்லையே என்றார்.

"மாடிக்கு வாங்க. சரியான உயரத்துல போனா அந்த எழுத்து எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

வியாழக்கிழமை நான்கு மணிக்கு வந்தார். முதலில் அதே ஜாதிக் குட்டி விமானம் ஒன்று கால்வாய்ப் பக்கமாக, ஒழுங்கான உயரத்தில் போயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தும் அவருக்கு இறக்கையில் ஒன்றும் தெரியவில்லை. அத்தையும் தெரியவில்லை என்றுதான் சொன்னாள். பத்து நிமிஷத்தில் சிவப்பு மூக்கு வந்தது. விரிப்புகள் படபடத்தன. அதிகாரி அண்ணாந்து, தன்னையறியாமல் நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார்.

"இப்ப வாசிச்சது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை அடுத்த விரிப்பை எடுத்தாள்.

நோட்டீஸ் ரத்து என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. வருத்தம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. கம்பங்கள் அங்கேயே நிற்கின்றன. பயிற்சி விமானங்கள் இப்போது கால்வாயைத் தாண்டித்தான் திரும்புகின்றன. எப்போதாவது ஒன்று மறந்துபோய் உள்ளே வந்தால், நோட்டில் குறி ஏறுகிறது, பக்கத்தில் அன்றைய தேதியோடு.

மருமகள் இன்று ஓர் அலுவலகத்தில் மற்றவர்களுடைய மனுக்களை மொழிபெயர்க்கிறாள். பேனாவை எடுக்கும்போது அவளுக்கு அந்த இரண்டாவது கடிதம் எழுதிய மத்தியானம் நினைவுக்கு வரும். அவள் அத்தையைக் காப்பாற்ற நினைத்து, தேதியைத் தானே தப்பாக நகலெடுத்துவிட்டதாக எழுதிவிடலாமா என்று கேட்டாள். இல்லாவிட்டால் புது நோட்டில் திருத்தி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள். அத்தை விரிப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து இழுத்து மடித்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"தேதி தப்பு என்னுதுன்னு எழுது. விமானம் தாழப் பறந்த தப்பு அவங்களதுன்னு எழுது. பாத்தேன்னா பாத்தேன்னே எழுது. எல்லாத்தையும் ஒரே அளவு எழுத்துல எழுதிக் கொடும்மா, எனக்கு அது போதும்."