தெரியாமல் முடிந்த இத்தா

ஓப்பநாயக்கவிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் சந்தியில் இருக்கிறது ஸுலைஹாவின் கடை. மாவு, சீனி, கருவாடு என்று லயன் வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனம் எல்லாம் வாங்குவது அங்கேதான். முன்பு அது அவள் கணவர் ஜாபிரின் கடை. அவர் சாமான் வியாபாரத்தோடு கொஞ்சம் கல் வியாபாரமும் செய்வார். யாராவது ஒரு மாணிக்கக் கல்லைக் கொண்டுவந்தால் வாங்கி, ரத்தினபுரிக்குக் கொண்டுபோய் விற்பார். பெரிய ஆளில்லை. கல் கிடைத்த அன்று வீட்டில் இறைச்சி இருக்கும், அவ்வளவுதான்.

1999இல் ஒரு பின்னேரம் இரண்டு பேர் வேனில் வந்தார்கள். ஜாபிரிடம் ஒரு நீலக்கல் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவர்கள். உள்ளே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். ஸுலைஹா திரைக்குப் பின்னால் இருந்தபடியே தட்டை நீட்டினாள். ஒருவனின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. மற்றவனைப் பார்த்தது அவர்கள் புறப்படும்போது. வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவன், நிமிரும்போது அவளை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"ரத்தினபுரியில ஒரு ஆளுக்குக் காட்டிட்டு மஃரிப் தொழுகைக்கு முந்தி வாரேன்" என்றார் ஜாபிர். ஆறு வயது மகள் ஸம்ஹாவின் தலையில் கைவைத்துவிட்டு வேனில் ஏறினார். பிறகு வரவேயில்லை.

பொலிஸில் முறைப்பாடு எழுதியவர் முதலில் கேட்டது, "வேறெங்கயாவது குடும்பம் இருக்கா?" என்றுதான். ஊரிலும் அதே பேச்சு. கல்லோடு கொழும்புக்கு ஓடிவிட்டார் என்றார்கள். பேருவளையில் கண்டோம் என்றார்கள். யுத்த காலம் என்பதால், யாரோ விசாரணைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஸுலைஹா பஸ் ஏறினாள். பேருவளைக்குப் போனாள், வெலிக்கடைச் சிறை வாசலுக்குப் போனாள், மனிதர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வேன் சத்தம் கேட்டால் தராசைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். கதவைத் தாழ்ப்பாள் போடாமலே படுப்பாள், வந்து தட்டும்போது தூங்கிப்போனால் என்ன செய்வது என்று. "ஜாபிர் நானா நல்ல மனுசனா இருந்தாரு" என்று யாராவது சொன்னால், "இரிக்காரு" என்று உடனே திருத்துவாள். அவளுடைய மூத்த சகோதரன் அஸீஸ், முஸ்லிம் விவாக வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போய் விவாகத்தை முறித்துக்கொள்ளச் சொன்னார். அவள் அசையவில்லை.

"அவரு உயிரோட வந்து நின்டா நான் என்னன்டு செல்றது, நானா?"

2003 மே மாதத்தில் பெய்த மழையை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். மலையே சரிந்து வந்த மழை அது. தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் காலை, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அழகம்மா கடைக்கு வந்தாள். ஸுலைஹாவுக்கு அவள் கூடப்பிறந்த மாதிரி. ஜாபிர் போன நாளிலிருந்து பக்கத்தில் நின்றவள் அவள்தான். அன்றைக்கு எதுவும் வாங்காமல் கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அழகம்மா, மொகம் ஒரு மாதிரி?"

"அக்கா, நீங்க கொஞ்சம் ஒக்காருங்க."

"செல்லு."

"கைவிட்ட ரப்பர் காட்டுக்கு வெறகு பொறுக்கப் போனோம். பழைய மாணிக்கக் குழி ஒண்ணு மழையில இடிஞ்சு கெடக்கு. அதுல எலும்பு இருக்குக்கா. பொலிசுக்குச் சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "கால் எலும்புல இரும்புத் தகடு ஒண்ணு இருக்குது" என்றாள்.

ஜாபிர் இளவயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது காலில் தகடு வைத்தவர். ஸுலைஹா அழவில்லை. கடையைச் சாத்தினாள். பிறகு எதற்குச் சாத்தினோம் என்று தெரியாமல் திரும்பத் திறந்தாள்.

வைத்தியர் பரிசோதித்து ஜாபிர்தான் என்று உறுதி சொன்னார். ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்தார்கள். சில வாரங்களில் பொலிஸாருக்கு ஒரு துப்பும் கிடைத்தது. வேறொரு கொள்ளையில் ஒரு வேன் சாரதி பிடிபட்டிருந்தான். அவனுடைய மச்சான் கையில் ஜாபிரின் கடிகாரம் இருந்தது. சாரதி தந்தது என்றான் மச்சான். ஜாபிரை ஏற்றிப்போன ஆள் இந்தச் சாரதிதானா என்று, அடையாள அணிவகுப்பில் ஸுலைஹா வந்து காட்டவேண்டும் என்றது பொலிஸ்.

அதற்கு அடுத்த நாளே ஒரு ஆள் கடைக்கு வந்து சோடா கேட்டான். ஆறுதலாகக் குடித்தான். "ஆள் மாறிப்போனா பாவமில்லையா, அக்கா? உங்களுக்கும் பொம்பளப்புள்ள ஒண்ணு இருக்குது. நல்லா யோசிங்க" என்று சிரித்துக்கொண்டே போனான். அன்றிலிருந்து ஸம்ஹாவைப் பள்ளிக்கூடத்துக்கு அவளே கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள்.

அஸீஸ் ஒரு வழி சொன்னார். "நீ இப்ப இத்தா இரிக்கிற. அந்நிய ஆம்புளையளுக்கு முன்னால வர ஏலாதுன்டு செல்லிடு."

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் காலம்தான் இத்தா. ஸுலைஹாவுக்கும் அது வேண்டியிருந்தது. பயத்துக்காக மட்டுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்காக மட்டும் இருக்கும் ஒரு காலம் தனக்கு வரவேயில்லை என்று நினைத்தாள். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு அனுப்பினாள். அவர் தானே வந்து, வாசலில் நின்று பதில் சொன்னார்.

"இத்தா புருசன் மவ்த்தான நாளிலயிருந்து தொடங்குது, உம்மா. செய்தி கெடச்ச நாளிலயிருந்து இல்ல. ஒங்களுக்கு அது எப்பவோ முடிஞ்சி."

"எனக்குத் தெரியாமலா?"

"தெரியாட்டியும் முடிஞ்சதுதான்."

அவர் போன பிறகு அழகம்மாவிடம் சொல்லித்தான் அழுதாள். "அந்த நாலு மாசமும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவருக்குப் புடிச்ச நீலச் சாரிய உடுத்திட்டுத் தினமும் பஸ் நிக்கிற எடத்துக்குப் போனேன். அவரு குழிக்குள்ள கெடந்தாரு, நான் பவுடர் போட்டுட்டுப் போனேன்."

அழகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஸுலைஹாவே பொலிஸுக்குச் சொல்லி அனுப்பினாள், வருகிறேன் என்று. அஸீஸ் கூடவர மறுத்தார். அழகம்மா தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். நீதிமன்ற வாசலில் சோடா குடித்த ஆள் நின்றான். ஸுலைஹா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு அவனைக் கடந்து போனாள்.

உள்ளே வரிசையாக ஆண்கள். எல்லாரும் ஒரே உயரம், ஒரே மீசை, ஒரே களைப்பு. முதலாமவனிலிருந்து கடைசி ஆள் வரை நடந்தாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்ப நடந்தாள். இடையில் ஓடிப்போனது நாலு வருடம். தவறான ஆளைத் தொட்டால் அவன் வீட்டிலும் ஒருத்தி கதவைத் தாழிடாமல் காத்திருப்பாளே என்று நினைத்தாள். நீதவான் பொறுமையாக இருந்தார். அவள் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள், எல்லாரையும் சப்பாத்து மாட்டுவது போலக் குனிந்து நிமிரச் சொல்ல முடியுமா என்று. அவர் சம்மதித்தார்.

குனிந்து நிமிர்ந்த வரிசையில் ஒருவன் மட்டும் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். அவள் போய் அவன் தோளைத் தொட்டாள். சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் நிம்மதியில்லை. சரியான ஆள்தானா? குனியச் சொன்னதால் பயந்து திரும்பினானா? வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய், தவணை மேல் தவணையாக இழுபட்ட அத்தனை வருடமும் இந்தக் கேள்வி அவளை விடவில்லை. 2008இல் தீர்ப்பு வந்தது. கடிகாரமும், அன்று பின்னேரம் ரப்பர் காட்டுப் பாதையில் அதே வேனைக் கண்ட ஒருவரின் சாட்சியும் சேர்ந்து அவனைக் குற்றவாளியாக்கின. தன் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு வரவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்த இடம்.

அவனை விலங்கோடு கூட்டிப்போகும்போது ஸுலைஹா வழியில் போய் நின்றாள். காவலர்கள் தடுப்பதற்குள் கேட்டுவிட்டாள், சிங்களத்தில்: "கடைசியில அவர் தண்ணி கேட்டாரா?"

அவன் அவளைப் பார்த்தான். வாய் திறந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

பிளேன்டீ குடித்த மற்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது, "இப்பவாவது மனசு ஆறுச்சாக்கா?" என்று அழகம்மா கேட்டாள்.

"அந்த ஆள் என் கடைக்கே வந்து சாமான் வாங்கினாலும் எனக்குத் தெரியாதே, அழகம்மா."

அடுத்த வருடம் ஸம்ஹா பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து வரும் பஸ் ஒருநாள் பிந்திவிட்டது. ஸுலைஹா கடையை அப்படியே போட்டுவிட்டு மழையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றாள். கடந்துபோன ஒவ்வொரு வேனுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் பஸ் வந்தது. இறங்கிய மகள் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள்.

"உம்மா, மழையில ஏன் நிக்கிறீங்க? வழியில மரம் விழுந்திருந்திச்சு, அதான்."

"சும்மாதான் வந்தேன்" என்றாள் ஸுலைஹா. மகளின் புத்தகப் பையைத் தான் வாங்கிக்கொண்டாள். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள்.