ஒன்பதாவது டிஸ்க்

பிரவுசிங் சென்டர் என்பது, பெட்டிக்குள் இருப்பதை நாம் நம்பாமலும் நம்மை வாடிக்கையாளர் நம்பாமலும் நடக்கிற தொழில். 2005-இல் மரக்காணத்தில், வீட்டு முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன். கடை வைத்து அவதிப்படும் சகோதரிகளுக்குப் புரியும்.

ஓசிச் சரக்கு

திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாமென்று லினக்ஸ் என்கிற ஓசிச் சரக்கைப் போடச் சொன்னேன். புதுச்சேரியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒரு டஜன் டிஸ்க் கொடுத்தார். வேண்டிய புரோகிராமெல்லாம் அதிலேயே இருக்கிறதாம். இல்லாவிட்டால் இன்டர்நெட்டில் கிடங்குகள் உண்டு. அவற்றின் முகவரிகளைப் பட்டியலில் எழுதிவைத்தால் மிஷினே போய் எடுத்து வருமாம். காசு கிடையாதாம்.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொன்ன முதல் பாடமே, தெரியாதவர் நீட்டும் மிட்டாயை வாங்காதே என்பதுதான். அவர் பஸ் ஏறியதும் பட்டியலைத் திறந்து, அவர் எழுதிவைத்திருந்த வெளிநாட்டு முகவரி ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குறி போட்டு முடக்கினேன். டிஸ்க் போதும். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பால்காரனையே நம்பமாட்ட. முகம் தெரியாத வெள்ளைக்காரனை நம்பிடப் போறியா!"

வெறும் கட்டங்கள்

பக்கத்துத் தெரு நூர்ஜஹானின் புருஷன் துபாயில். வீட்டு போன் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் விவரத்தையெல்லாம் மெயிலில் எழுதியிருந்தார். இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கே வந்துவிடுவதா? வியாழனுக்குள் இவள் பதில் சொல்லவேண்டும். போனில் அவரால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

புதன்கிழமை வந்தாள். மெயில் திறந்தது, தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். தமிழ் எழுத்துரு போட்டால் சரியாகிவிடும். போடப் போனேன். "ஒன்பதாவது டிஸ்கைப் போடு" என்றது மிஷின். எட்டு இருந்தது, பத்து இருந்தது, ஒன்பதைக் காணோம். நூர்ஜஹான் என்னையே பார்த்தாள்.

"படிச்சிட்டு மறைச்சு வெச்சிட்டீங்களாக்கா? எங்க மாமி சொல்லி அனுப்பிச்சாங்களா?"

லாரியின் பின்னால்

முந்தின நாள் மகளுக்கு ரிசல்ட் பார்க்க வந்த உப்பளக்காரர் மேல் எனக்குச் சந்தேகம். மேசையைத் தடவிக்கொண்டே பேசுகிற ஆள். நேரே உப்பளத்துக்குப் போனேன். மூட்டை ஏற்றி நின்ற லாரியின் பின்னால், கம்பியில் கட்டின என் ஒன்பதாவது டிஸ்க் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. உப்பு உரசி டிஸ்க் முகமெல்லாம் கீறல், இனி மிஷினில் ஓடாது. அவருக்குக் கூச்சமே இல்லை.

"ஓசின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? ஓசி டிஸ்க்குல என்ன இருந்துடப் போவுது? லைட்டு பட்டா நல்லா மின்னுதுங்க, பின்னாடி வர்றவன் ஒதுங்கிப் போறான்!"

வியாழக்கிழமை

வேறு வழியில்லை. முடக்கிய முகவரிகளில் ஒன்றின் முன்னாலிருந்த குறியை எடுத்தேன். போன் லைன் இரண்டு தரம் அறுந்தது. மூன்றாம் தரம், யாரோ எங்கோ அடுக்கிவைத்த எழுத்துரு மரக்காணத்தில் வந்து இறங்கியது. கட்டங்கள் தமிழாயின.

"திரும்பிக்கோங்கக்கா" என்றாள், காலையிலேயே வந்து காத்திருந்த நூர்ஜஹான். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவள் படித்தாள், மூக்கை உறிஞ்சினாள், ஒவ்வொரு சாவியாகத் தேடித் தட்டினாள்.

"வந்துடுங்கன்னு போட்டுட்டேன்க்கா. ஆனா அது போய்ச் சேர்ந்துச்சுன்னு உங்க பேச்சை எப்படி நம்பறது?"

அந்த ஒரு முகவரியைக் கடைசிவரை திறந்தே வைத்திருந்தேன் என்பதற்காக நான் மனிதர்களை நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், மற்ற முகவரிகளுக்கெல்லாம் போட்ட குறி போட்டபடியேதான் இருந்தது.