துவைத்துப் பார்த்த துணி

பக்கத்து வீட்டு லீஸ்பெத்தின் மகள் சன்னே நேற்று ஒரு நாள் முழுக்க ஒரு கல்லூரியில் மாணவி மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தாள். இந்த நெதர்லாந்தில் அதற்கென்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: ப்ரூஃப்ஸ்டுடேரன். சேருவதற்கு முன்னால் வகுப்பில் இருந்து, கேன்டீனில் சாப்பிட்டு, அங்கே இருக்கிற பிள்ளைகளோடு பேசிப் பார்ப்பது. போன வாரம் ஒரு கல்லூரி, நேற்று இன்னொன்று. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "இது எனக்கானது இல்லை" என்றாள். லீஸ்பெத் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரி, அப்போ போன வாரம் பார்த்ததுதான்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயே, வெட்கமாயில்லையா என்று கேட்பீர்கள். இல்லை.

"நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய்?" என்று லீஸ்பெத் ஜன்னல் வழியாகக் கேட்டாள். எங்கள் ஊரிலும் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள் என்றேன். நல்ல வழக்கம் என்று தலையாட்டினாள். இங்கே பெண் கல்லூரியைச் சோதித்துப் பார்க்கிறாள், எங்கள் வீட்டில் கல்லூரியில் போட்டுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று விளக்குகிற அளவுக்கு எனக்கு டச்சு வராது.

திருப்பூர் மண்ணரையில் அப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். புதுத் துணி வந்து இறங்கினால் எடுத்த எடுப்பில் வெட்ட மாட்டார்கள். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, அளவு குறித்து, துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் மிச்சத் துணிக்கு அளவு போடுவது. துவைத்துப் பார்த்த துண்டு மிஷின் துடைக்கப் போய்விடும். நான் பிளஸ் டூ முடித்தபோது இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒன்று உள்ளூரிலேயே, பனியன் டிசைன் சொல்லித்தருவது. கம்பெனியில் மிஞ்சிய துணியில் பொம்மைக்குச் சட்டை தைத்து வளர்ந்த எனக்கு அதுதான் உயிர். இன்னொன்று கோயமுத்தூரைத் தாண்டி, பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் பிள்ளைகள் படிக்கிற இடம். ஹாஸ்டல், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். நானோ அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். அப்பா யோசிக்கவே இல்லை. "நீ மொதப் பீஸு கண்ணு. பெரிய காலேஜுல போட்டுப் பாப்போம். தாங்குனீன்னா நித்யாவையும் அங்கயே சேத்திரலாம்" என்றார். நித்யா எனக்கு அடுத்துப் பிறந்த தங்கை. அப்பா அதைப் பாசமாகத்தான் சொன்னார். தலையைக்கூடத் தடவிக்கொடுத்தார்.

ஹாஸ்டலில் முதல் நாளே வார்டனிடம் "ஏனுங்க, பாத்ரூம் எங்கீங்க?" என்று கேட்டேன். அன்றிலிருந்து என் பெயர் ஏனுங்க. ஒரு பேராசிரியர் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லும்வரை உட்காரக் கூடாது என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடக் கூசி, சாப்பிடுவதையே குறைத்தேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "அப்பா, எனக்கு அங்க ஆகலீங்க. இங்கயே டிசைன்ல சேத்தி உட்டுருங்க" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். துணியைப் பார்க்கிற பார்வை, எனக்குத் தெரியும். பிறகு அம்மா பக்கம் திரும்பி நிம்மதியாகச் சொன்னார்: "நல்லவேளை, தெரிஞ்சு போச்சு. சின்னவளை அங்க போட வேண்டாம்."

"அப்ப நானுங்க?"

"நீதான் சேந்தாச்சே சாமி. முடிச்சுட்டு வந்துரு."

லீவு முடிந்ததும் அவரே கொண்டுபோய் விட்டார். தன் முறை வந்தபோது நித்யா அந்த உள்ளூர் டிசைன் கல்லூரிக்குப் போனாள், ஊசியில் நூல் கோக்கவே சோம்பல்படுகிறவள். இன்றைக்கு அப்பாவின் கம்பெனி அருள்புரத்தில் பெரிதாக வளர்ந்து அவள் கையில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது, ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்க அந்தப் பெரிய கல்லூரியின் பெயர். அதைப் பார்த்துத்தான் நெதர்லாந்து மாப்பிள்ளை வந்தார். இங்கே ஒரு துணிக்கடையில், வருகிறவர்கள் கலைத்துப் போடும் டீசர்ட்டுகளை மடித்து வைக்கிறேன். காலரைத் தடவினாலே எங்கள் ஊர்த் தையல் தெரிந்துவிடும்.

நேற்று சன்னே திரும்பி வந்த அதே சாயங்காலம் நித்யா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் மகள் வர்ஷினிக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. கோயமுத்தூரில் ஒன்று, நான் இருக்கிற இந்த ஊரில் ஒன்று. "வர்ஷிய அங்க அனுப்பறோம்க்கா, உங்கூடவே இருக்கட்டும். ஒரு வருசம் பாப்போம். செட்டாச்சுன்னா தம்பியையும் அங்கயே சேத்திக்கலாம்."

"அவளுக்கு எது புடிச்சிருக்கு?" என்றேன். போனை மகளிடம் கொடுத்தாள்.

"எனக்கு எதுன்னாலும் சரிங்க பெரிம்மா" என்றது பிள்ளை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"இங்க அவளுக்கு ஆகலீன்னா என்னடி பண்ணுவே?"

நித்யா சிரித்தாள். "ஏன், நீ இருந்து முடிக்கலையா? நீ போய்ப் பட்டதுனாலதானேக்கா நான் தப்பிச்சேன். அப்பா இன்னைக்கும் சொல்லுவாரு." நன்றியோடுதான் சொன்னாள். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

"எங்க ஊட்டுல எடமில்லை" என்றேன். அப்படியாவது அந்தப் பிள்ளை தப்பிக்கட்டும் என்று நினைத்தேன். நித்யாவின் முகம் சுண்டிப்போனது. "நீ முழுசா அந்த ஊர்க்காரி ஆயிட்டே. போச்சாது போ, அங்கயே ஹாஸ்டல்ல போட்டுக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று காலை லீஸ்பெத், "விடுமுறைக்கு உன் ஊருக்குப் போகிறாயா?" என்று கேட்டாள். வருடா வருடம் கேட்கிற கேள்விதான். தெரியவில்லை என்றேன். மாடிக்குப் போய், நித்யாவிடம் இல்லையென்று சொன்ன அறையைத் திறந்து, கட்டிலில் கிடந்த பெட்டிகளை இறக்கி வைத்தேன். கல்யாணத்தின்போது அப்பா கம்பெனித் துணியில் தைத்துக் கொடுத்த விரிப்பை எடுத்துப் போட்டேன். இத்தனை வருடம் துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது. தலைமாட்டில் செருகினால் கால்மாட்டுக்கு எட்டவில்லை, கால்மாட்டில் செருகினால் தலைமாட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.