சிரட்டைச் சாயா

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதெல்லாம், அந்த ஒருவனை மன்னித்துவிடச் சொல்லி எத்தனையோ சாமியார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வருவேன். மன்னிக்கவில்லை. இந்த வயதிலும் அதில் மாற்றமில்லை.

நான் கடற்கரைக்காரன். கரைமடி வலை இழுத்துத் தோள் உரமேறியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பழகினேன். பள்ளி முடிந்ததும் நாகர்கோவிலில் ஒரு கிளப் என்னை வேகப்பந்து போடச் சேர்த்துக்கொண்டது. அதன் கேப்டன் வயலும் தோப்புமாகச் செழித்த வீட்டுப் பிள்ளை. மறுமுனையிலிருந்து சுழற்பந்து போடுவான். இருவரும் பந்தை மாற்றி மாற்றிப் போட்டால் எதிரணி மாலைவரை தாங்காது.

விக்கெட் விழுந்தால் என் முதுகில் தட்டுவான். சாயா நேரம் வந்தால் அந்தக் கையே கொட்டகையின் பின்பக்கத்தைக் காட்டும். மற்றவர்களுக்கு உள்ளே பெஞ்சும் வெண்கலத் தம்ளரும். எனக்குப் புன்னை மரத்தடியும் தேங்காய்ச் சிரட்டையும்.

பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். திருவனந்தபுரத்தில் சமஸ்தான அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் வரவிருந்தது. அங்கே ஒரே ஒரு தடவை பந்து போட்டுக் காட்டிவிட்டால் அதன்பின் என்னை யாரும் ஒளித்துவைக்க முடியாது என்று நம்பினேன். யாரை அழைத்துப் போவது என்பது கேப்டன் கையில் இருந்தது.

புறப்படும் நாளில் என்னைத் தனியே கூப்பிட்டான்.

“அங்க சாப்பாட்டுக்கு என்ன செய்யது? ஒனக்கு மட்டும் தனியா எல போடச் சொல்லி நான் யாருகிட்ட போயி நிக்க? அடுத்த வருசம் பாப்போம் மக்கா.”

எனக்குப் பதிலாக அவனுடைய சித்தப்பா மகன் போனான். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை ஸ்டம்புவரை எறியத் தெரியாதவன். அன்றோடு கிளப்பை விட்டேன். அவன் அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்துக்கு ஒருநாள் போகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

அந்த உயரம் நிஜமாகவே கிடைத்தது. அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் முன்பு என் பந்தில் அவுட் ஆனவர். விமானப்படையில் விமானம் ஓட்டப் பழக ஆள் எடுப்பதாகச் சொல்லி என்னைக் கராச்சிக்கு அனுப்பிவைத்தார். நேர்காணலில் அதிகாரி பாதி நேரம் கிரிக்கெட்தான் பேசினார். அங்கே எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. முதன்முறையாகத் தனியாக விமானத்தை மேலே கிளப்பியபோது, கர்த்தரை நினைக்கவில்லை, அவனைத்தான் நினைத்தேன்.

உலகப்போர் அறிவித்ததும் கடலோரமாகப் பறந்து எதிரிக் கப்பல் தேடும் வேலை தந்தார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தேன். செய்தி தெரிந்து கிளப்பில் வரவேற்பு வைத்தார்கள். இப்போது அவன்தான் அதற்குத் தலைவர். எதற்குப் போனேன்? அவன் வயிறு எரிவதைப் பார்க்கத்தான்.

மாலை போட்டான். “வாங்க, இரிங்க” என்று பெஞ்சில் இடம் விட்டான். வெள்ளித் தம்ளரில் சாயாவைத் தன் கையாலேயே நீட்டினான். வாங்கி மேசைமேல் வைத்தேன். பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

“வோய், பந்து போடுகதுக்கு முந்தி நீரு விரல நக்குவீரு, ஓர்ம இருக்கா? ஒவ்வொரு பந்துக்கும் நக்குவீரு. பளபளப்பு ஏத்த நான் அந்தப் பந்துல துப்பித் தேச்சுதான் ஒம்ம கையில தருவேன். ஒரு சொட்டு சாயாவுக்குத் தீட்டு பாத்த ஆளு, நாளெல்லாம் எனக்க துப்பலயாக்கும் நக்கினீரு.”

ஒருவன் தம்ளரைக் கீழே வைத்தான். கேப்டன் முகம் வெளுக்கும், குமட்டும், வெளியே ஓடுவான் என்று காத்திருந்தேன். அந்த ஒரு காட்சிக்காகவே அத்தனை தூரம் வந்திருந்தேன்.

அவன் சிரித்தான். மாலையைச் சரிசெய்வதுபோல் என் தோளருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“ஏலே, அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஜெயிக்கணும்லா.”

அதுவரை, ஊர் வழக்கத்துக்குப் பயந்தவன், அப்பனுக்கு அடங்கியவன் என்று அவனுக்காக மனதில் கொஞ்சம் இரக்கம் மிச்சம் வைத்திருந்தேன். அவனுக்குத் தீட்டில் நம்பிக்கையே இருந்ததில்லை. நான் மேலே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த இரக்கத்தையும் அங்கேயே திருப்பி எடுத்துக்கொண்டேன்.