இளநீரில் ஓர் ஓட்டை

ராமநாதபுரத்தில் ஏர்கன் விற்கும் கடையில் நான் இருந்தபோது வந்தவர் அவர். திருப்புல்லாணிப் பக்கம் தென்னந்தோப்பு இருப்பதாகவும், அங்கே எலித்தொல்லை என்றும் சொன்னார். காதோரம் மட்டும் நரைத்த மனிதர். துப்பாக்கியைப் பார்க்கவே மாட்டார். பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எலியடிக்கச் சின்னக் குண்டே போதும் என்றேன். அவருக்குப் பெரிய குண்டு போடும் பாயின்ட் டூ டூதான் வேண்டுமாம். அதை மயில் சுட வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அதனால் விசாரிக்காமல் நான் கொடுப்பதில்லை.

நான் கேட்பதற்கு முன்பே பையிலிருந்து ஓர் இளநீரை எடுத்து மேசையில் வைத்தார். அதன் அடியில் ஓட்டை.

"எலி பண்ற வேலையப் பாருங்க தம்பி. மரத்து உச்சியில இருந்துக்கிட்டு எறங்கவே மாட்டேங்குது. சின்னக் குண்டு அங்கன போயி என்ன செய்யும்?"

எனக்கும் நாலு தென்னை உண்டு. "எலி குலையில உக்காந்து காம்போரமாத்தாண்ணே கொறிக்கும். இது அடியில இருக்கு. ஓரமும் கத்தி பட்ட மாதிரி வழுவழுன்னு இருக்கே?"

அவர் கோபப்படவில்லை. "காம்போரமாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இளநீரைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுவாரம் இன்னோர் இளநீரோடு வந்தார். காம்போரமாக ஓட்டை, சுற்றிலும் பல் பட்டதுபோல் கீறல்கள். என் முகத்தையே பார்த்தபடி நின்றார். குறை சொல்ல எதுவும் இல்லை. துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போனால் இப்போதும் வண்டியை நிறுத்தி, மயில் அகவுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்கிறேன். ஓட்டையை எங்கே போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.