நைஜருக்காக ஒரு பழி

என் கணவரை ஆபீஸில் எல்லோரும் அட்லஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளிதழில் வெளிநாட்டுப் பக்கத்துக்குச் செய்தி மொழிபெயர்ப்பது அவர் வேலை. பெரிய நாடுகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பார். அவருக்குப் பிடித்ததெல்லாம் யாரும் சீண்டாத நாடுகள். சாப்பிட உட்கார்ந்தால் லெசோத்தோ வந்துவிடும். சுற்றிலும் தென்னாப்பிரிக்கா, நடுவில் அது மட்டும் தனி நாடு. அதை முடித்துக் கிரிபாட்டிக்குப் போவார். எழுதுவது அப்படி, அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிரிபாஸ். "தட்டைப் பாருங்க, ஆறிப்போகுது" என்று நான் சொல்வதற்குள் துவாலுவில் இறங்கியிருப்பார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை. ஆனால் எந்தத் தீவுக்கு எது தலைநகர் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் அந்த எடிட்டர் மண்ணாக்கினார்.

நடந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. நைஜரில் வறட்சி என்று இவர் எழுதிக் கொடுத்த செய்தியை, அச்சுக்குப் போகிற நேரத்தில் எடிட்டர் பார்த்தார். வார்த்தை பாதியில் நிற்கிறது என்று நினைத்து, தன் கையாலேயே நைஜீரியா என்று திருத்தினார். நைஜர் என்று ஒரு நாடு இருப்பதே அந்த மேதைக்குத் தெரியாது. முதலாளியின் நண்பர் ஒருவர் நைஜீரியாவில் வியாபாரம் செய்கிறவர், மறுநாள் பேப்பரோடு வந்து, அங்கே ஏது வறட்சி என்று சத்தம் போட்டார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது எடிட்டர் வாய் கூசாமல், "மொழிபெயர்ப்பில வந்த தப்பு சார்" என்றார். இவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க, சொல்ல வேண்டியதுதானே?"

"அவருக்கு ரெண்டு பொண்ணு படிச்சுட்டிருக்கு. வேலை போயிடும்."

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் காற்றைக் குடித்தா வளர்ந்தார்கள்? வெளிநாட்டுப் பக்கம் பறிபோனது. ஓய்வு பெறும்வரை பதினான்கு வருஷம் தொலைந்த சான்றிதழ், பெயர் மாற்றம், இரங்கல் என்று வரி விளம்பரம் பார்த்தார். பெரிய நாடு இடித்துவிட்டுப் போகும், சின்ன நாடு ஐ.நா.வில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும். எங்கள் கதையும் அதுதான். அவர் அதை எப்போதோ விட்டுவிட்டார். வயதானால் மனசு கனிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு மூட்டுதான் தேய்ந்தது, கோபம் தேயவில்லை.

போன வருஷம் அந்த எடிட்டரே எங்கள் படியேறி வந்தார். ஊன்றுகோல் பிடித்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு உலக விவகாரம் பற்றி எழுதிய கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறாராம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தார்.

"அட்லஸ், உன்னை விட்டா இதுக்கு யாரு? ஒரு தடவை பாத்துக் குடு. தங்கச்சி, ஒரு வாய் டீ கிடைக்குமா?"

தங்கச்சியாம். வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய். எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மகிழ்ந்து குடித்தார்.

இவர் பதினோரு நாள் அதோடு உட்கார்ந்தார். ஒரு கண்ணில் புரை நீக்கியிருந்தது, இன்னொன்றுக்குப் பூதக்கண்ணாடி. ஸ்லோவாக்கியாவுக்கு ஸ்லோவேனியாவின் தலைநகர். டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் ஒரே நாடு. கினி என்று பெயரில் வருகிற நாடுகளையெல்லாம் எடிட்டர் கலந்தடித்து வைத்திருந்தார். இவர் சிவப்புப் பேனாவால் பக்கம் பக்கமாகத் திருத்தினார்.

"பாவம்மா, எத்தனை தப்பு பாரு" என்றார்.

பாவமா? எனக்கு அந்தத் தப்புகளைப் பார்க்கப் பார்க்க இனித்தது.

பிரதியை வாங்கிப்போக அச்சகத்து ஆள் வந்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பிரதியைப் பீரோவில் போர்வைக்கு அடியில் வைத்தேன். கை படாத பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு தப்பும் இல்லையாம். அப்படியே போட்டுடச் சொன்னார்."

நாலு பேர் நடுவில் எடிட்டர் மூக்குடைபட வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. இவரிடம், திருத்தினதைக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

வெளியீட்டு விழாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். பேச வந்த புவியியல் பேராசிரியை முகதாட்சண்யம் பார்க்காதவர். புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொரு தப்பாக வாசித்தார். கூட்டம் சிரித்தது. எடிட்டரின் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிறகு எடிட்டர் மைக்கைப் பிடித்தார். "எனக்கு இதெல்லாம் போதாதுன்னுதான் அட்லஸ்கிட்ட குடுத்தேன். ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லி அனுப்பினார். இதோ, இங்கதான் இருக்கார்."

இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை. அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. என் கணவர் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் தப்புதான். வயசாயிடுச்சு. மன்னிக்கணும்."

வீட்டுக்கு வந்தும் அவர் சட்டையைக் கழற்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நான் திருத்தினேன்மா. கை வலிச்சதுகூட ஞாபகம் இருக்கு. புத்தகத்துல இல்லையே. திருத்தினதா நானே நினைச்சுக்கிட்டேனா? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவர் அப்பா கடைசி ஆறு வருஷம் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டவர். இவர் சுவரைப் பார்த்துத் தலைநகர்களை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "கிரிபாஸ், தராவா. துவாலு... துவாலு..." அதற்கு மேல் வரவில்லை.

பீரோவைத் திறந்து தாள்களை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது என் எழுத்துதான்."

"உங்க எழுத்துதாங்க. நான்தான் ஒளிச்சு வெச்சேன். அந்தாளு அசிங்கப்படட்டும்னு."

திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் மறக்கலையா?"

"மறக்கலைங்க."

தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வரி விளம்பரத்துக்குத் தூக்கிப் போட்ட அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். என் கையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"நீ கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போ" என்றார்.

போனேன்.