சங்கால் எழுதிய நல்வரவு

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு நவம்பர் மாதம், போர்ட் பிளேயருக்குத் தெற்கே படகில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு குட்டித் தீவில் நடந்தது இது. முன்னால் வெள்ளை மணல், பின்னால் மொவா மரங்கள், நடுவே காய்ந்த இலையும் கடல் ஒதுக்கிய கட்டைகளும். பாதுகாக்கப்பட்ட பகுதி. நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வைத்து, வருகிற சுற்றுலாப் பயணிகளை அங்கே கூட்டிப் போய்க் காட்டுகிறோம். அதுதான் எங்கள் பிழைப்பு.

அந்த வருஷம் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஜனவரியிலிருந்து, சூழல் சுற்றுலாச் சான்றிதழ் வாங்கிய குழுக்கள் மட்டும்தான் அந்தக் கரையில் இறங்கலாம். மற்றவர்கள் படகில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எட்டிப் பார்ப்பதற்கென்று மெயின்லேண்டிலிருந்து யார் விமானம் ஏறி வருவார்கள்?

விண்ணப்பத்தை அடுப்படியில் வைத்து, தோசையைத் திருப்பிக்கொண்டே படித்தேன். ஒரு தடவைக்கு எத்தனை பேரை இறக்குகிறீர்கள், குப்பை எங்கே போகிறது, உயிர்காப்புச் சட்டை போதுமா. எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. கடைசியில் நேரில் ஆய்வு செய்வோம் என்று ஒரு வரி. அந்த வரிதான் எங்களைக் குப்புறத் தள்ளியது.

நான் போர்ட் பிளேயர் ஷாதிபூரில் அரசாங்க ஊழியர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆய்வு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெரியவர்கள் வருவதற்கு முன் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஒரு சருகு கண்ணில் படக் கூடாது. எங்கள் படகை ஓட்டும் வங்காளி அண்ணனும், தாதா என்றுதான் கூப்பிடுவோம், அப்படித்தான். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்ஸ்பெக்ஷன் என்று காதில் விழுந்தால் கயிற்றைக்கூடக் கோலம் மாதிரி வட்டமாகச் சுருட்டி வைப்பார்.

ஒரு வாரம். ஆறு வீட்டு ஆட்களும் இடுப்பொடியக் குனிந்தோம். சருகைக் கூட்டினோம். கட்டைகளை உருட்டி ஒதுக்கினோம். கரையில் கிடந்த சங்குகளை எல்லாம் பொறுக்கினோம், சுண்டு விரல் நகம் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை. உள்ளே நண்டு இருந்தால் சங்கோடு பத்திரமாகக் கீழே வைத்துவிட்டோம். காலி ஓடு மட்டும்தான் எடுத்தோம், அதில் எங்களுக்குப் பெருமை வேறு. மூன்று சாக்கு சேர்ந்தது. பாதி ஓடுகளைக் கொண்டு படகு நிற்கும் இடத்திலிருந்து மரநிழல் வரை பாதைக்குக் கரை கட்டினோம். அதே ஓடுகளால் மணலில் தமிழில் ஒன்று, ஹிந்தியில் ஒன்று, நல்வரவு எழுதினோம். மீதி சாக்கிலேயே ஓரமாகக் கிடந்தது. என்ன அழகு அது! வெயில் பட்டதும் எழுத்துகள் ஈரப்பல் மாதிரி மின்னின.

ஆய்வுக்கு வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். நானும் தாதாவும்தான் அவரைப் படகில் கூட்டிப் போனோம். படகிலிருந்து இறங்கி, எங்கள் நல்வரவின் முன்னால் வந்து நின்றார். பாராட்டப் போகிறார் என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

“இதெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்க?” என்றார்.

இந்தக் கரையில்தான், ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டோம் என்று நான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கழிவறை, தண்ணீர், படகின் எஞ்சின் எண்ணெய், எல்லாம் பார்த்தார். பிறகு மொவா மரத்தடியில் போய்க் குந்தி உட்கார்ந்தவர் கையை மட்டும் அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

வேருக்கடியில் ஒரு துறவி நண்டு. செத்த சங்கின் ஓட்டுக்குள் புகுந்து, அதையே வீடாக முதுகில் தூக்கிக்கொண்டு திரியுமே, அந்த நண்டு. இதன் முதுகில் சங்கு இல்லை. யாரோ எறிந்த ஒரு நீல மருந்துப் புட்டி மூடி. மூடிக்குள் அடங்காமல் அதன் பின்னுடம்பு வெளியே தொங்கியது. பிறந்த குழந்தையின் காதுமடல் மாதிரி, அத்தனை மெல்லிசாக.

“வளர வளர ஓடு மாத்தணுமுங்க இதுக. நீங்க பொறுக்கி வெச்சது இதுக வீடுங்க.”

நாற்பத்தாறு வருஷம் தீவில் இருந்திருக்கிறேன். இந்த நண்டைப் பள்ளிக்கூட மேசையில் ஓடவிட்டு விளையாடியிருக்கிறேன். அது வீடு மாற்றும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. முகம் சுட்டது. இப்போது நாங்கள் என்ன செய்யட்டும் என்று அவரைக் கேட்டேன். தான் பார்த்து எழுத மட்டுமே வந்திருப்பதாகவும், எதையும் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கடல் உள்வாங்கிக் கரையோரத் தண்ணீர் வற்றுவதற்குள் படகு கிளம்பியாக வேண்டும். இரண்டு மணி நேரம் இருந்தது.

நான் நேரே போய் நல்வரவின் முதல் எழுத்தைக் காலால் கலைத்தேன்.

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று தாதா ஓடி வந்தார். “தீதி, பாகல் ஹோ கயீ க்யா? அவங்க கண்ணு முன்னாடி கலைச்சா, தப்புன்னு நாமளே சொல்ற மாதிரி. சர்ட்டிபிகேட் கயா.”

“போனா போகட்டும் தாதா. சாக்கைத் தூக்குங்க.”

போனால் போகட்டும் என்று சொன்னது வாய் மட்டும்தான். ஆறு வீட்டு அடுப்பு. அதை என் ஒரு காலால் கலைக்கிறேனோ என்று தோன்றியது. தாதா என்னை முறைத்தார், சாக்கை முறைத்தார், பிறகு முனகிக்கொண்டே முதல் சாக்கைத் தோளில் ஏற்றினார். மரத்தடி, கட்டை இடுக்கு, அலை தொடும் ஈரக்கரை என்று இருவருமாக ஓடி ஓடி ஓடுகளை இறைத்தோம். நேற்றுக் கூட்டிய சருகைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டினோம். நடுவில் ஒரு மழை கொட்டிவிட்டுப் போனது. நனைந்த சேலையோடு, மூச்சு வாங்க, மணலில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சருகு அசைந்தது.

மழைக் குளிர்ச்சிக்கு நண்டுகள் வெளியே வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, அங்கே ஒன்று, கட்டைக்கடியிலிருந்து நாலு. உள்ளங்கை அளவுச் சங்கு ஒன்றை முதலில் வந்த நண்டு தொட்டுப் பார்த்தது, உள்ளே காலை விட்டு அளந்தது, பெரிதாக இருந்ததால் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அடுத்து வந்தது அதன் ஓட்டைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் அதைவிடச் சின்னது. பெரிதிலிருந்து சிறிது வரை, அளவெடுத்து அடுக்கின மாதிரி, ஒரு வரிசை. கடைசியில் அந்த நீல மூடி.

நாங்கள் மூன்று பேரும் மணலில் குப்புறப் படுத்துவிட்டோம். ஆய்வுக்கு வந்தவரும்தான். அவர் பேனா எங்கோ போயிருந்தது.

“ஃபீனிக்ஸ் பே டிக்கெட் கவுண்டர் கூட்டத்தை முப்பது வருஷம் பார்த்தேன், இப்படி ஒரு லைன் பார்த்ததில்ல” என்றார் தாதா, மூச்சை அடக்கிக்கொண்டு.

எல்லாம் யாருக்காகவோ காத்திருந்தன. கடைசியில் வந்தது, கிழட்டு ஊதா நிறத்தில், ஒரு பெரிய நண்டு. சங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. சட்டென்று தன் ஓட்டைவிட்டு வெளியே வந்து உள்ளே புகுந்தது. அவ்வளவுதான். அது விட்ட ஓட்டில் முதல் நண்டு, அது விட்டதில் இரண்டாவது, அது விட்டதில் மூன்றாவது, டிக், டிக், டிக் என்று ஓட்டோடு ஓடு தட்டும் சத்தம், கண் சிமிட்டுவதற்குள் ஒரு தெருவே குடிமாறியது. தாதாவுக்குக் கால்பந்து மைதானம் போல ஆகிவிட்டது. “மோட்டே, ஹட், தள்ளுடா குண்டா. விடுடா அவனை. காலி ஹோ கயா, ஜல்தி, சீக்கிரம்.”

நீல மூடி கடைசி ஓட்டின் முன் தயங்கியது. மூடியை உதறியது. ஒரு நொடி, அம்மணமாக, உலகத்துக்கு முன்னால். பிறகு உள்ளே சுருண்டு போய்விட்டது. தாதா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனாலும் அவர் எதையும் மறைக்கவில்லை. ஓடுகளை அகற்றியது, கரையைக் கூட்டியது, எல்லாம் அறிக்கையில் இருந்தது. சான்றிதழ் கிடைக்கவில்லை. தவறைத் தாமே திருத்திக்கொண்டதால் மறு ஆய்வு கேட்கலாம் என்று ஒரு வரி மட்டும் அடியில் இருந்தது. அந்தச் சீசன் முழுக்கக் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, படகிலிருந்தபடியே பயணிகளுக்குக் கரையைக் காட்டினோம். மற்ற குழுக்களில் சிலர் கேலி செய்தார்கள். ஆறு வீட்டிலும் கையைச் சுருக்கித்தான் சாப்பிட்டோம். ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை, தாதா உட்பட.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் வேறொருவர் வந்து பார்த்தார், சான்றிதழ் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் கரைக்கு விடுமுறை, ஒரு நேரத்தில் ஒரு படகு, எதையும் எடுக்கவும் கூடாது, கொண்டுவந்து வைக்கவும் கூடாது என்ற நிபந்தனைகளோடு. ஏன் கூட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் பயணிகளுக்குத் தாதா இப்போது தன் மூன்று மொழியிலும் பாடம் எடுக்கிறார்.

எனக்கு இன்னும் பழக்கம் போகவில்லை. எங்கே போனாலும் கிடப்பதை எடுத்து ஒழுங்கு செய்யக் கை தானாக நீளும். நீண்ட கையை ஒரு நொடி அப்படியே நிறுத்தி, இது வேண்டாததாக எனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று கேட்டுக்கொள்ள அந்த மத்தியானம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.